பதினேழாம் பக்கம், நான்காம் கட்டம்

பஃபலோவில் மூன்றாம் நாளாகப் பனி.
மை உறையாமலிருக்க
புட்டியை அடுப்போரம் வைத்திருக்கிறேன்.
மேசைமேல் ‘எழுவர் அணி’, இதழ் நாற்பத்தொன்று.
பென்சிலில் வரைந்த இருபத்திரண்டு பக்கம்.
விடிந்தால் தபால் வண்டி.

பேச்சுக் குமிழிக்குள் எழுத்துப் போடுவது என் பிழைப்பு.
பக்கத்துக்கு இரண்டு டாலர், எத்தனை சொல் ஆனாலும்.
அதனால் வாயாடி நாயகர்களை எனக்கு ஆகாது.

இம்முறை நல்லவேளை,
மூன்றாம் பக்கத்திலேயே ஏழு பேரையும்
கண்ணாடிக் கோளத்துக்குள் அடைத்துவிட்டான் வில்லன்.
உள்ளே வாயசைக்கிறார்கள், சத்தம் வெளியே வராது.
வெளியே மிஞ்சியது எடுபிடிகள் இருவர்:
எஃகுக் கழுகின் பையன் சிறகன்,
மின்னல் சீமாட்டியின் பெண் பொறி.
முதல் இதழிலிருந்தே எலியும் பூனையும்.

‘நீ அவர் மேலங்கியை இஸ்திரி போடுகிறவன்தானே?’
‘நீ அவளுக்கு பேட்டரி சுமக்கிறவள்தானே?’
இப்படியே ஆறு பக்கம்.
உலகம் அழிய நாற்பது நிமிடம் இருக்கிறது,
பறக்கும் ஓடத்தை யார் ஓட்டுவது என்று
சாவியைப் பிடித்து இழுக்கிறார்கள்.
ஒன்பதாம் பக்கத்தில் கைகலப்பு.
டமால்!
அந்த ‘டா’வின் காலை மட்டும்
கட்டத்துக்கு வெளியே நீட்டிவிட்டேன், ஆசைக்கு.

அதன்மேல் காசிமிர் டூடெக் புழுதி வரைவான்,
தெரியும் எனக்கு.
நான் எழுதி முடித்த பக்கங்களுக்கு
மை தீட்டுகிறவன் அவன்.
என் எழுத்துமேல் கல்லும் புகையும் தூவுவான்.
கைகள் தீட்டுவதென்றால் அவனுக்கு உயிர்.
நான் குமிழியைக் கொண்டுபோய்
சரியாகக் கைமேல் உட்காரவைப்பேன்.
ஐந்து வருடமாக இந்தப் பத்திரிகையில்
யாருக்கும் முழங்கைக்குக் கீழே எதுவும் கிடையாது.
ஒரு வாசகர் கடிதம்கூட வந்தது.

முதல் பக்கத்தில் மூன்று பெயர் அச்சாகும்:
கதை, ஓவியம், ஆசிரியர்.
மூன்றையும் நான்தான் எழுதுகிறேன்,
தடித்த எழுத்தில்.

இன்று பையனிடம் கொடுத்தனுப்ப வழியில்லை.
தூரிகையைக் கோட்டுக்குள் சொருகி
இடுப்பளவு பனியில் நடந்து வந்துவிட்டான் காசிமிர்.
பூட்சைக் கழற்றவில்லை.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்து
ஈரம் காயாத பக்கங்களை ஒவ்வொன்றாக இழுக்கிறான்.

பதினேழாம் பக்கம், நான்காம் கட்டம்.
கோளத்தின் நெம்புகோல் வெளியே இருக்கிறது.
ஒருவர் அதை அழுத்தியபடி நிற்கவேண்டும்,
மற்றவர் உள்ளே ஓடவேண்டும்.
உள்ளே ஓடுகிறவருக்கே அட்டைப்படம்.
கைப்பிரதியில், ‘சிறகன்:’
அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.
தட்டச்சு நாடா தீர்ந்ததோ, எழுதியவனே தூங்கிப்போனானோ.
நியூயார்க்குக்குப் போன் செத்துக் கிடக்கிறது.

‘நீ போ’ என்று போடலாமா?
‘எனக்காக அல்ல, உலகத்துக்காக’?
சொல்லிப் பார்த்தேன். காசிமிர் முகம் சுளித்தான்.
‘ஜாட்விகா, குமிழியை எடுத்துவிடு.
நெம்புகோலில் அவன் கை இருக்கிறது.
அது போதும்.’
‘உனக்குக் கை கிடைக்குமென்றால்
நீ பைபிளையே அழிப்பாய்’ என்றேன்.

அடுப்பில் கரி போட்டேன். தேநீர் ஆறிப்போனது.
பிறகு கட்டத்தின் மேல் மூலையில்
சட்டைப் பொத்தானளவு ஒரு குமிழி போட்டேன்.
உள்ளே, ‘ம்.’

கீழே அவன் தீட்டினான்.
ஐந்து விரல், நகம், கணுவில் ஒரு பழைய தழும்பு.
மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது
அவனா நானா தெரியவில்லை.

பதினெட்டாம் பக்கத்தில் மறுபடி சண்டை.
‘கதவைத் திறந்தது நான்!’
‘காப்பாற்றியது நான்!’
இரண்டு ‘நானு’ம் ஒரே உயரம்,
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
காசிமிர் இரண்டின்மீதும் புழுதி போட்டான்.

கடைசிக் கட்டத்தில் எழுவரும் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள்.
ஓரத்தில், சட்டகம் வெட்டியதுபோக,
ஒரு பாதித் தோளும் ஒரு பாதிப் பின்னலும்.
அந்தத் தோளுக்கு
மிக மெல்லிய தூரிகையைத் தேடி எடுத்தான்,
எடுக்கும்போது என் மைப்புட்டியைத் தட்டிவிட்டான்.

ஏழு மணி. வண்டி வரவில்லை.
தரையை யார் துடைப்பது என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.